கீழ் ரூம்

என் மகன் என்னை ஏரிக்கரைக்குச் சுற்றுலா போகலாம் என்று கூப்பிட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. தலைகீழாக நின்று கேட்டாலும் காய்கறி வாங்கப் பாசாருக்கு வண்டி எடுக்காத பிள்ளை அவன். "மா, செமினிக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி இருக்கு. மணல் கரை, காட்டுப் பாதை எல்லாம் இருக்கு. போலாம் லா" என்கிறான். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

கிள்ளானில் ஒரு கிளினிக் கவுண்டரிலேயே தலை நரைத்தவள் நான். பெற்றவர்களை முதியோர் இல்லத்தில் விடப்போகிற பிள்ளைகளைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவேன். திடீரென்று பாசம் பொங்கும். சேர்க்கும் முன் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிவருவார்கள். எங்கள் பக்கத்தில் அந்த இடத்தை யாரும் முழுப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. 'ஹோம்' என்றால் போதும். "அம்மாவ ஹோம்ல விட்டுட்டோம்" என்று சொல்லும்போது எல்லாருக்கும் குரல் தணிந்துவிடும்.

போன மாதம்தான் மகன் என்னை இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போயிருந்தான். அப்போது எதுவும் தோன்றவில்லை. இப்போது தோன்றியது. மருமகள் எனக்கென்று புதுத் துவாலையும் வழுக்காத செருப்பும் வாங்கிவந்தாள். அதுவும் தோன்றியது.

அதற்கு மேல் ஒரு நாள், வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சன்னலுக்குள்ளிருந்து மகனின் குரல் கேட்டது.

"ஹோம்ல பேசிட்டேன். அம்மாவுக்குக் கீழ் ரூம். படி ஏற வேணாம். பாத்ரூம்ல புடிச்சுக்கக் கம்பிகூட இருக்காம்."

"அத்தேகிட்ட அத மட்டும் இப்பவே சொல்லாதீங்க. வரமாட்டேன்னுடுவாங்க" என்றாள் மருமகள்.

ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு இருப்பது அவர்கள் வீட்டில் அந்தப் பின் அறை ஒன்றுதான். அதுவும் போனால் போக்கிடம் கிடையாது. கோபத்தில் எனக்குக் காது அடைத்தது. ஆனாலும் நான் எதுவும் கேட்கவில்லை. அறைக்குப் போய்ப் பெரிய பேக்கை எடுத்து, வைக்க வேண்டியதையெல்லாம் வைத்தேன்.

சனிக்கிழமை காலை மருமகள் பின்னால் ஏறிக்கொண்டு, "முன் சீட்ல உக்காருங்க, அத்தே" என்றாள். வெட்டப்போகிற ஆட்டுக்குத்தான் மாலை போடுவார்கள். காஜாங் தாண்டும்வரை முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன். "தலைவலியாமா?" என்று மகன் கேட்டான். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

ஏரிக்கு எதிரே மாடிவைத்த ஒரு பலகை வீடு. வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் தலை நரைத்த ஒரு சீனக் கிழவரோ கிழவியோ, காலை நீட்டிக்கொண்டு. வீட்டுக்காரி, முக்காடு போட்ட மலாய் அம்மா, என் கையைப் பிடித்து, சொந்த வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று மலாயில் சொன்னாள். எல்லா ஹோமிலும் அதைத்தான் சொல்வார்கள். கீழ் ரூமைத் திறந்து காட்டினாள். குளியலறையில் கம்பி இருந்தது.

மத்தியானம் என்னை மணல் கரையில் ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, இருவரும் காட்டுப் பாதையைப் பார்க்கப் போனார்கள். பக்கத்தில் ஓராங் அஸ்லி என்னும் பூர்வகுடிக் கம்பத்துப் பெண் ஒருத்தி ஓலையில் பாய் முடைந்துகொண்டிருந்தாள். என்னையும் கூப்பிட்டு, விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். ஓ, பொழுதுபோக்குக்கு இதுதான் வைத்திருக்கிறார்களா என்று நினைத்துக்கொண்டேன். என் ஓலை கோணிக்கொண்டே போனது.

அப்போதுதான் வராந்தாவில் இருந்த கிழவர்களும் கிழவிகளும் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு கூச்சல் போட்டபடி இறங்கி வந்து, ஆளுக்கொரு துடுப்போடு சின்னப் படகுகளில் பாய்ந்து ஏறினார்கள். கிளினிக்கில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், ஹோமில் இருப்பவர்கள் இப்படிப் பாய மாட்டார்கள்.

வீட்டுக்காரி தேநீர் கொண்டுவந்தாள். எனக்குத் தெரிந்த மலாயில் அவளிடம் கேட்டேன், இங்கேயே தங்கிவிட்டவர்கள் யாராவது உண்டா என்று.

"பூனைதான்" என்று சிரித்தாள். "மற்ற எல்லாரும் நாளைக்குக் கிளம்பிவிடுவார்கள். இது ஹோம்ஸ்டேதானே. நாளைக் காலைக்கு உங்கள் மகன் உங்களுக்குப் படகு சொல்லியிருக்கிறார். தண்ணீர் என்றால் பயமாமே? அதனால் உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார்."

ஹோம்ஸ்டே. பின்பாதியைச் சோம்பேறிப் பயல் விழுங்கிவிட்டிருக்கிறான். மருமகள் சொல்லாதீங்க என்றது இந்தப் படகைத்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கோணல் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். அந்தத் தேநீர் அவ்வளவு ருசியாக இருந்தது.

குடித்து முடித்து அறைக்குத் திரும்பினால், மகனும் மருமகளும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். என் தைலத்தைத் தேடி மருமகள் பேக்கைத் திறந்திருக்கிறாள். கட்டிலின் மேல் என் வீட்டுக்காரரின் படம், காமாட்சி விளக்கு, ஊறுகாய் போத்தல், சின்ன ரைஸ் குக்கர்.

"ஒரு ராத்திரிக்கு ரைஸ் குக்கர் எதுக்குமா?" என்றான் மகன்.

"ஹோம்ல சோத்தக் கொழைச்சுடுவாங்கன்னு..." வாய் முந்திக்கொண்டது.

"எந்த ஹோம்?" என்றான். படத்தைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முகம் சிறுத்துப்போனது.

"ஏன்மா என்கிட்ட கேக்கல?"

"கேட்டா இல்லன்னுதான் சொல்லுவ. நீ பொய் சொல்றத நான் கேக்க வேணாம்னு இருந்துட்டேன்."

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்படி நெனச்சுக்கிட்டேவா வண்டில ஏறினீங்க, அத்தே?"

"ஆமா. அவன் கூப்ட்டான், ஏறிட்டேன்."

மகன் ரைஸ் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.