பயத்துக்கு ஒரு ஸ்டூல்

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொசு என்று பெயர். பரிசோதனைக் கூடத்தில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுப்பது அவள் வேலை. "கொசு கடிச்ச அளவுக்குக்கூட வலிக்கல" என்று யாரோ ஒருவர் சொல்லப்போய் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். கொசு என்பது பாராட்டாக இருக்கும் இடம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒருநாள் ஒரு குழந்தையின் கையில் நரம்பு அகப்படவில்லை. திரும்பத் திரும்பக் குத்தினாள். "இவளையெல்லாம் யாருய்யா இங்க உக்கார வெச்சது?" என்று குழந்தையின் அப்பா கூடம் அதிரக் கத்தினார். இந்த வேலையில் எல்லோருக்கும் எப்போதாவது நடப்பதுதான். ஆனால் மறுநாள் ஊசியை எடுத்தபோது அவள் கை நடுங்கியது. அதைப் பார்த்து நோயாளி நடுங்கினார். நோயாளியைப் பார்த்து அவள் கை இன்னும் நடுங்கியது.

மேற்பார்வையாளர் அம்மாள் கெட்டவர் இல்லை. அவளைக் கூப்பிட்டு, "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா உள்ள போய் லேபிள் ஒட்டு" என்றார். ரத்தக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டும் அறைக்கு ஜன்னல் கிடையாது. சம்பளம் அதேதான். ஆனால் அங்கே போனவர்கள் யாரும் ரத்தம் எடுக்கும் நாற்காலிக்குத் திரும்பி வந்ததில்லை. அவளுக்கோ வேறு எதுவும் இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரியாது.

அந்த மாதம் ஊழியர்களின் மனநலத்துக்காக நிர்வாகம் ஒரு பயிற்சி நடத்தியது. வராதவர்களுக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கப்படும் என்று அறிவித்திருந்ததால் எல்லோரும் மனநலத்தோடு வந்திருந்தார்கள். மடிப்புக் கலையாத சட்டை போட்ட பயிற்சியாளர், "பயத்தை விரட்டாதீங்க. விரட்ட விரட்ட அது பெருசாகும். பக்கத்துல ஒரு இடம் குடுங்க, உக்காரட்டும். நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார். புதிய யோசனை அல்ல. மடிப்புக் கலையாத சட்டை சொன்னதாலேயே பொய்யாகிவிடுகிற யோசனையும் அல்ல. மற்றவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள். கொசு மறுநாள் காலை சாமான் அறையிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்து வந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள்.

பக்கத்து மேஜையில் ரத்தம் எடுக்கும் ஒல்லிப் பையன், ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர், எட்டிப் பார்த்தான். "யாருக்குக்கா இது?"

"என் பயத்துக்கு."

"முதுகு சாயற மாதிரி ஒண்ணு போடக் கூடாதா? பாவம், நாள் முழுக்க உக்காரணுமே."

"சாஞ்சா தூங்கிடும். தூங்கி எழுந்தா இன்னும் தெம்பா இருக்கும்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பயிற்சியாளர் இடம் கொடுக்கச் சொன்னார், கொடுத்துவிட்டாள். நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் ஸ்டூலில் உட்காரப் போனால், "அதுல ஆள் இருக்கு" என்று தடுத்தாள். வேன் ஓட்டும் அவள் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வீட்டுக்கு வந்தா அதுக்கும் சோறு வைக்கணுமா?" என்றார்.

"அது எதுவும் சாப்பிடாது. உங்க அண்ணன் மாதிரியா?"

கை நடுங்குவது நிற்கவில்லை. ஆனால் நடுங்குகிறதா என்று அவள் ஊசிக்கு ஊசி சோதிப்பது குறைந்தது. நடுங்கும் கையைப் பார்த்தவர்கள் பக்கத்து வரிசைக்கு மாறியதால் அவள் வரிசை மட்டும் குட்டையாகவே இருந்தது.

மாசக் கடைசியில் மேற்பார்வையாளரே வந்து நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். "எனக்கு எடு. பாத்துட்டு முடிவு பண்றேன்." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு ஊசி என்றால் ஆகாது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஒட்டடைக்குச்சி தன் நோயாளியை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தான்.

கொசு ரப்பர் பட்டையைக் கட்டினாள். கை நடுங்கியது. குத்தினாள். நரம்பு நழுவியது. குழாய்க்குள் ஒரு சொட்டுகூட வரவில்லை. எது நடந்துவிடக் கூடாது என்று மாதம் முழுக்கப் பயந்தாளோ அதுதான் நடந்தது, நடக்கக் கூடாத கையில்.

அவள் ஸ்டூலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "தப்பிடுச்சு மேடம். அந்தக் கையக் குடுங்க" என்றாள்.

"இன்னொரு தடவையா?"

"ஆமா மேடம். கை நடுங்கத்தான் நடுங்கும். நீங்க சுவத்தையே பாருங்க."

பட்டை இடம் மாறியது. கை நடுங்கியது. நரம்பைத் தடவினாள், குத்தினாள், குழாய் நிறைந்தது. மேற்பார்வையாளர் சுவரைப் பார்த்தபடியே, "எப்ப குத்துவே?" என்றார்.

"முடிஞ்சுடுச்சு மேடம்."

அவர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நீ இங்கயே இரு. ஆனா இந்த ஸ்டூல் சாமான் ரூம் கணக்குல இருக்கு. திருப்பி வெச்சிடு" என்றார்.

கொசுவுக்கு முகம் மாறியது. "அப்ப அது எங்க மேடம் உக்காரும்?"

மேற்பார்வையாளர் கூடத்தில் இருந்த வரிசைகளைப் பார்த்தார். "நிக்கட்டும். இங்க எல்லாரும் நின்னுட்டுதானே இருக்காங்க."

கொசு யோசித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் பட்டது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். இப்போதும் அவள் மேஜைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் அளவு இடம் காலியாக இருக்கிறது. தரை துடைப்பவர் வாளியை அங்கே வைத்தால் தள்ளி வைக்கிறாள்.