சார்ட்ட கேளும்

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் மாலைநேர எம்.பி.ஏ. படித்தபோது, கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனி முதலாளி ஒருவர் என் பக்கத்தில் உட்காருவார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. சந்தேகம் வந்தால் ஆசிரியரிடம் கேட்கவே மாட்டார். என் முழங்கையைத் தட்டி, "சார்ட்ட கேளும்வே" என்பார். பதிலையும் நான்தான் அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் எனக்குப் பொறுமை போயிற்று.

"சார் முன்னாலதான நிக்காரு அண்ணாச்சி. நீங்களே கேட்டா என்ன?"

"பேருக்குத்தான்வே நான் முதலாளி. எங்க ஆபீஸ்ல அப்பாவும் சித்தப்பாவும் எதிரெதிர் மேசை. ரெண்டு பேரும் பேசி வருசக்கணக்காச்சு. 'உங்கப்பாட்ட சொல்லு'ம்பாரு அவரு, 'உன் சித்தப்பன்ட்ட சொல்லு'ம்பாரு இவரு. பகல் பூரா அந்தச் சோலிதான் பாக்கேன். இங்கனயாவது அத நீரு பாரும்."

சாரிடம் கேட்கக் கையைத் தூக்கினேன்.