முடி கொட்டாத வைத்தியம்

பாஞ்சாலி யாரையும் சட்டென்று நம்பியவள் இல்லை. பால்காரர் எதிரிலேயே பாலில் விரல் விட்டுப் பார்ப்பாள். அம்மையார்குப்பத்தில் அவள் வீட்டு விசைத்தறிக்கு வரும் நூல்கட்டையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டாள்.

சினைப்பையில் வந்த புற்றுநோய் முதல் தடவை அவளைப் புரட்டி எடுத்தது. ஊசி போட்டால் ஓயாத வாந்தி. தலைமுடி கொத்துக்கொத்தாகக் கழன்றது. அடங்கிய நோய் மறுபடி தலைகாட்டியபோது, சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் புவனா வேறு மருந்து சொன்னார்.

"கண்ணுக்குத் தெரியாத நானோ கொழுப்பு உருண்டைக்குள்ள மருந்தை வச்சு அனுப்புறோம்மா. கட்டியைச் சுத்தி இருக்கிற ரத்தக் குழாயோட சுவர்ல இடைவெளி அதிகம். அது வழியா உருண்டை வெளிய வந்து அங்கயே தங்கும். மத்த இடத்துல சேதம் கம்மி."

பாஞ்சாலியின் கண் சிவப்பாகச் சொட்டிய மருந்துப் பையை விட்டு அகலவில்லை.

ஊசிகள் போட்டும் வாந்தி இல்லை, முடி கொட்டவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

"பாவா, கலர் தண்ணிய ஏத்திகினு இருக்காங்க. மருந்துன்னா இப்டியா இருக்கும்?"

"கஷ்டம் இல்லன்னு சந்தோஷப்படாம, இன்னாடி நீ?" என்றான் புருஷன் வீரபத்திரன்.

திருத்தணி மருந்துக்கடை கஜபதியிடம், ஆஸ்பத்திரியில் எடுத்த மருந்துக் குப்பியின் போட்டோவைக் காட்டினாள். நல்ல மருந்துதான் என்றார்.

"மருந்து விக்கிறவன் வேற இன்னா சொல்வான்?" என்றபடி வெளியே வந்தாள். அடுத்த ஊசிக்கு ரயில் ஏறவே மறுத்துவிட்டாள்.

அந்த வாரம் உள்ளங்கை சிவந்து எரிந்தது, தோல் உரிந்தது. தறியில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடக்கூட முடியவில்லை. நூலின் சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள். புருஷனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வசந்தி போன் செய்தார்.

"ஏம்மா வரல? உள்ளங்கை எரியுதா? தோல் உரியுதா?"

பாஞ்சாலி போனைப் பொத்திக்கொண்டு வீரபத்திரனை முறைத்தாள். "நீ சொன்னியா?"

"சாமி சத்தியமா இல்ல."

"அந்த மருந்து பண்ற வேலைம்மா" என்றார் நர்ஸ். "கைகால்லயும் கொஞ்சம் கசியும். டாக்டர் அன்னிக்கே சொன்னாங்க. நீங்க மருந்துப் பையையே பாத்துகினு இருந்தீங்க."

பாஞ்சாலி உரிந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெறும் தண்ணீர் இப்படித் தோலை உரிக்காது. மறுநாள் சென்னை ரயிலில் ஏறினாள்.

கை ஆறும்வரை ஊசியைத் தள்ளிவைத்த டாக்டர், பிறகு அளவைக் குறைத்தார். தறியில் அறுந்த இழைகளை வீரபத்திரன் முடிந்தான். அடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. முழுக்கப் போகவில்லை, இன்னும் ஊசி வேண்டும் என்றார்கள்.

பாஞ்சாலி படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மூலையிலிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். தன்னுடையதுதான் என்று உறுதியான பிறகே அடுத்த ஊசி என்றைக்கு என்று கேட்டாள்.