கட்டி என்று சொல்லக்கூடாத சாப்பாடு

தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோதுதான் அது முதலில் கையில் தட்டுப்பட்டது. திருவலையில் குனிந்திருந்த என் சட்டைக்குள் தேங்காய்ப்பூ விழுந்துவிட்டதென்று தட்டிவிடப் போனேன். இடது மார்பில், விரலுக்கடியில், புளியங்கொட்டை அளவில் ஒன்று நகராமல் நின்றது. நோகவில்லை. நோகாத எதையும் எங்கள் வீட்டில் நோய் என்று எடுப்பதில்லை, நானும் எடுக்கவில்லை. பாலைப் பிழிந்து சொதியை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

எங்கள் வீடு மயிலிட்டியில், துறைமுகத்துக்குக் கிட்ட. கணவர் இயந்திரப் படகில் தொழிலுக்குப் போகிறவர். நான் சங்கக்கடையில் (கூட்டுறவுக் கடை) அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுப்பவள். வீட்டில் மாமியும் எங்கள் இரண்டு பிள்ளைகளும். நான் சொல்வது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. இதே வருத்தம் (நோய்) வந்து, ஆஸ்பத்திரி வாங்கில் (பெஞ்சில்) யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாமல் இருக்கிற பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

கட்டி வளர்ந்து, அக்குளிலும் இன்னொன்று தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பயொப்சி (சதையில் சிறு துண்டை வெட்டியெடுத்துப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். முடிவு வந்த அன்று சத்திரசிகிச்சை டொக்டர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"கூடாத வருத்தம். மார்பை முழுசா எடுக்கத்தான் வேணும். பிறகு கொழும்புக்குப் போய்க் கதிர் பிடிக்கவேணும்."

கூடாத வருத்தம் என்றால் புற்றுநோய். கதிர்ச் சிகிச்சை என்பது, வெட்டிய இடத்தில் மிச்சமிருக்கும் நோயை இயந்திரக் கதிரால் எரிப்பது. என் கணவர் தலையாட்டினார். வெளியே வந்ததும் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "ஊரிலை கர்ப்பப்பை வருத்தம் எண்டு சொல்லுவம்." சரி என்றேன். மார்பைவிடக் கர்ப்பப்பை எந்த வகையில் மரியாதையானது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மார்பை எடுத்தார்கள். அதைப்பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, உங்களுக்கும் எடுத்திருந்தால் உங்களுக்கே தெரியும். பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. காயம் மூடவில்லை. தையல் வெட்டிய பிறகும் ஓரத்தில் வாய் திறந்தபடி நீர் வடிந்துகொண்டே இருந்தது. கொழும்பில் கட்டில் ஒதுக்கியிருந்த நாள் வந்து, நான் போகாமலே கடந்துபோனது.

மருந்து கட்டப் போன ஒரு நாள் டொக்டர் கேட்டார். "என்ன சாப்பிடுறீங்கள்?"

"சோறும் ரசமும், டொக்டர்."

"மீன்? முட்டை?"

"புண் ஆறுமட்டும் மச்சம் கூடாதெண்டு மாமி சொல்லுறா. கிரந்தியாம்."

கிரந்தி என்றால் புண்ணைச் சினக்க (சிவந்து வீங்க) வைக்கிற குணம். எந்தச் சாப்பாட்டில் அது உண்டு, எதில் இல்லை என்பது எங்கள் பக்கத்து மாமிமாருக்கு மனப்பாடம். மீன், முட்டை, இறால், கணவாய், கத்தரிக்காய் எல்லாம் அதில் அடக்கம்.

"எந்த ஊர் நீங்கள்?"

"மயிலிட்டி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடலைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு மீன் இல்லையெண்டு வந்து நிக்கிறீங்கள்." பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கதைத்தார். "புண்ணிலை சதை வைக்கப் புரதம் வேணும். மூடாத புண்ணிலை கதிர் பிடிக்க ஏலாது. இன்னும் பிந்தினால் நான் வெட்டினதிலை பிரயோசனம் இல்லை. விளங்குதோ?"

புரதம் என்பது உடம்பு தசையைக் கட்ட எடுத்துக்கொள்ளும் சத்து. மீனிலும் முட்டையிலும் பருப்பிலும் இருக்கிறது. விளங்கியது. வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன்.

"டொக்டருக்கு என்ன தெரியும்? புண் சினந்தா அவரே வந்து கழுவுறது?" என்றார் மாமி.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "அம்மா நல்லதுக்குத்தானே சொல்லுறா" என்றார், தலை நிமிராமல். அன்று அவர் கொண்டுவந்திருந்த அறக்குளா மீன் அடுப்பில் கொதித்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள். எனக்கு ரசம் வந்தது. அதையும் நான்தான் வைத்திருந்தேன்.

ஒளித்து மீன் தின்றிருக்கலாமே என்று கேட்பீர்கள். அடுப்படி மாமியின் கையில் இருந்தது. அதோடு உண்மையைச் சொன்னால், எனக்கும் கிரந்தியில் பாதி நம்பிக்கை இருந்தது. அந்தப் பாதிதான் என்னைக் கட்டிப்போட்டது.

சங்கக்கடையில் அப்போது ஒரு சாக்கு சோயா அவரை தீண்டுவாரில்லாமல் கிடந்தது. சோயா நல்லது, சோயா சாப்பிடுங்கள் என்று அந்த நாட்களில் எங்கும் ஒரே பேச்சு. ஒரு பெண் பிள்ளை வந்து வாசிகசாலையில் செய்து காட்டிவிட்டும் போனாள். அவரையை இரவு ஊறப்போட்டு, தோல் கழுவி, அரைத்து, நீர் விட்டுக் காய்ச்சி வடித்தால் பால். அந்தப் பாலில் தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி விட்டால் திரைந்துபோகும். அதைத் துணியில் கட்டிப் பாரம் வைத்தால், பாற்கட்டி போல வெள்ளையாக ஒரு துண்டு வரும். சோயாக் கட்டி என்றாள் அவள். இந்தக் காலத்தில் இதைத் தோஃபு என்கிறார்கள். மீனுக்குள்ள சத்து இதிலும் இருக்கிறது என்று அவள் சொன்னது மட்டும் என் காதில் தங்கிவிட்டது. மச்சம் இல்லை, கிரந்தி இல்லை, யாரும் குறுக்கே நிற்க முடியாது என்று நினைத்தேன்.

விடிய எழுந்து ஆட்டுக்கல்லில் அரைத்தேன். வலது கையால் குழவியைச் சுற்றினேன். தள்ளிவிட வேண்டிய இடது கை, தோளுக்கு மேல் எழும்பாமல் வீங்கிப்போய் இருந்தது. நிணநீர் வீக்கம் (அக்குளில் உள்ள சுரப்பிகளை எடுத்தபின் நீர் இறங்க வழியில்லாமல் கை தடிப்பது) என்று பிறகுதான் பெயர் தெரிந்தது. அகப்பைக் காம்பால் தள்ளித் தள்ளி அரைத்து முடித்தேன். காய்ச்சித் திரைத்து, பழைய வேட்டித் துண்டில் கட்டி, மேலே அம்மிக்குழவியை வைத்துவிட்டு மருந்து கட்டப் போனேன்.

திரும்பி வந்தபோது மாமி அந்தப் பொட்டலத்தின் முன்னால் நின்றார்.

"உது என்ன?"

"சோயாக் கட்டி, மாமி."

அவருடைய முகம் வெளிறியது. "கட்டி வந்த உடம்புக்குக் கட்டியைச் சமைக்கிறியோ? உனக்கு மூளை பிசகிப்போச்சோ?" துணியோடு தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே எறிந்தார். காகங்கள் வந்தன. ஒரு விடியற்காலம் முழுக்க நான் அரைத்ததை அவை என் கண்முன்னே கொத்தின. அன்றைக்கு வந்த கோபம் இன்னமும் என்னில் இருக்கிறது. நோய் எடுத்துக்கொண்ட சதையைவிட அந்தத் துண்டுக்காகத்தான் நான் கூட அழுதேன்.

ஆனால் அழுதுகொண்டே யோசித்தேன். அடுத்த தடவை செய்தபோது பாரம் இறக்கிய கையோடு துண்டை விரலால் உதிர்த்துக் கோப்பையில் (தட்டில்) வைத்தேன். மாமி எட்டிப் பார்த்தார்.

"உது என்ன?"

"சோயாப்பூ."

தேங்காய்ப்பூ என்று நாங்கள் சொல்வதில்லையா, அப்படித்தான். மாமி ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பெயர் மாறியதும் பண்டம் நல்லதாகிவிட்டது.

இனிச் சமையலைச் சொல்கிறேன். ஒரு கை ஏலாதவள், பொழுது பட்டபின், யாரும் உதவிக்கு வராத வீட்டில் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன். காலையில் செய்த சோயாப்பூவைத் தண்ணீருக்குள் வைத்தால் அடுத்த நாள் இரவு வரைக்கும் பழுதுபடாது. இரவில் அதிக வேலை இல்லை.

முதலாவது வறை. சுறா வறை செய்யத் தெரிந்தால் இதுவும் தெரியும். நீரைப் பிழிந்து மஞ்சளும் உப்பும் பிரட்டுங்கள். சின்ன வெங்காயம், உள்ளி (பூண்டு), செத்தல் (காய்ந்த) மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அதில் போட்டு ஈரம் வற்றும்வரை கிளறுங்கள். இறக்கும்போது தேங்காய்ப்பூவும் மிளகுத் தூளும். புட்டோடு சாப்பிட்டால், கண்ணை மூடிக்கொண்டால் சுறாதான். கண்ணைத் திறந்தால் பக்கத்துக் கோப்பையில் உண்மையான மீன் இருக்கும், அதைப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது சரக்கு. பிள்ளைப்பெற்ற வீட்டில் வைக்கிற அதே கறி. மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி அரைத்துக் கரைத்துக் கொதிக்கவிட்டு, உதிர்த்ததைப் போட்டு இறக்குங்கள். வாய் கசந்துபோன நாட்களில் எனக்கு இறங்கியது இது ஒன்றுதான்.

மூன்றாவது சொதி. அதற்குத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டால்தான் அழகு. மாமி கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நான் அதைத் துண்டாக வெட்டினேன். பச்சை மிளகாயும் வெந்தயமும் போட்ட தேங்காய்ப்பாலில் வெள்ளைத் துண்டுகள் மிதக்கும். அவர் திரும்பி வருவதற்குள் சாப்பிட்டுச் சட்டியும் கழுவிவிடுவேன். என் வீட்டில், என் காசில், என் வருத்தத்துக்கு நான் களவாகச் சாப்பிட்டேன்.

புண் மெல்ல மெல்லச் சிவந்து, சதை வைத்து, ஓரங்கள் கிட்ட வந்தன. சோயாவால்தான் என்று டொக்டரும் சொல்லவில்லை, நானும் சத்தியம் செய்யமாட்டேன். "என்ன செய்தீங்கள்?" என்று மட்டும் கேட்டார். சமைத்துச் சாப்பிட்டேன் என்றேன். கொழும்புக்கு எழுதினார். கதிர் பிடித்தேன். தோல் கருகியது, தொண்டை புண்ணானது, தலைமயிர் மட்டும் போகவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து மறுபடி சங்கக்கடையில் தராசு பிடித்தேன். உயிரோடு இருக்கிறேன் என்பதை நம்புவதற்கே எனக்குக் கன காலம் எடுத்தது.

மாமி படுத்தது அதற்குப் பிறகு. மூச்சு வாங்கியது. எழும்ப முடியாமல் போன அன்று அவரைக் குளிப்பாட்ட நான்தான் நின்றேன். சட்டையைக் கழற்றவிடாமல் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். நான் இழுத்தேன். வலது மார்பு கல்லாகி, தோல் வெடித்து, உள்ளே பழந்துணி திணித்திருந்தது. மணம் எனக்குப் பழக்கமான மணம்தான். ஆஸ்பத்திரி விறாந்தையில் எத்தனை தரம் மோந்திருப்பேன்.

"எப்ப இருந்து, மாமி?"

"உனக்கு முதலே."

என் கையிலிருந்த வாளி சரிந்து தண்ணீர் முழுக்கக் கொட்டுண்டது. "ஏன் சொல்லேல்லை? நான் ஆஸ்பத்திரிக்குப் போகேக்குள்ளை நீங்களும் வந்திருக்கலாமே!" என்று கத்தினேன். மாமியை நோக்கி நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அவர் என்னைத்தான் பார்த்தார். என் தட்டையான பக்கத்தைப் பார்த்தார். "உன்னைப் பாத்தனான்தானே, பிள்ளை. வருத்தத்தோடை நீயே அரைச்சு, நீயே சமைச்சு, நீயே திண்டாய். நான் படுத்தா எனக்கு ஆர் சமைச்சுத் தாறது?"

நான் தருவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வாளியை நிமிர்த்தி மறுபடி தண்ணீர் அள்ளினேன். அந்த நேரத்தில் தந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. டொக்டர் வந்து பார்த்துவிட்டு, இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்றார். வாடைக்காற்று தொடங்கமுன் மாமி போய்விட்டார். என் கணவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "அம்மா ஒண்டும் சொல்லேல்லையே" என்றார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. இரண்டு பெண்கள் ஒரே அடுப்படியில் ஒரே வருத்தத்தோடு நின்றிருக்கிறோம், அவர் கயிறு முடிந்துகொண்டிருந்திருக்கிறார்.

என் உடம்பு இப்போது எனக்கு ஒரு பாதி புதிது, ஒரு பாதி பழையது. புதிய பாதியில் தொடுகை தெரியாது, மழை வருவதுதான் தெரியும். காலமும் அப்படித்தான். வருகிற வருடத்தைப்பற்றி யாராவது கதைத்தால் எனக்கு அது வேறு யாருடையதோ வருடம் போல இருக்கும். என்னுடையது அன்றன்றைய பொழுதுதான். பொழுது படுகிறது, அடுப்பு எரிகிறது, பசிக்கிறதா என்று என் உடம்பை நானே கேட்கிறேன். பசிக்கிறது என்றால் எல்லாருக்கும் முதல் எனக்குப் போட்டு, எல்லாரும் பார்க்க இருந்து சாப்பிடுகிறேன். மனுசனும் பிள்ளைகளும் வெறும் கோப்பையோடு காத்திருப்பார்கள். இதுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லட்டும் என்றுதான் இருக்கிறேன்.