மழை நாளில் பெக்டரி ரோட்டில் வர வேண்டாம்

போன மாதம் பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டில் இருந்த இளைஞர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கொழும்பிலிருந்து புது மனைவியோடு வந்தவர். மடியில் பெரிய முதுகுப்பை. வெளியே மழை. ஜன்னல்களையெல்லாம் மூடிவிட்டதால் உள்ளே ஈரக் குடையும் டீசலும் யாரோ வாங்கி வந்த கருவாடும் சேர்ந்து ஒரே வாசனை.

"அண்ணே, இந்த எடத்துக்கு எங்க எறங்கணும்?"

திரையைப் பார்த்தேன். மேலே ஒரு பிள்ளையார் சுழி. வெறும் 'உ', அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒரு போன் நம்பர். அதற்குக் கீழே ஒரு வரி: மழை நாளில் பெக்டரி ரோட்டில் வர வேண்டாம்.

அந்த வரியை எழுதியவன் நான்தான்.

நான் பெரிய கம்ப்யூட்டர்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஓ.எல். பரீட்சையில் கணக்கு என்னைக் கைவிட்டது. நானும் அதைக் கைவிட்டேன். பிறகு வெல்லவாயவில் பேக்கரி, கொழும்பில் ஒரு நெட் கடை, கண்டியில் ஒரு லொட்ஜில் கணக்கெழுதுகிற வேலை. கணக்கில் பெயிலானவனுக்கு அந்த வேலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், அவர்களும் ரொம்ப நாள் வைத்திருக்கவில்லை. நெட் கடையில் படுத்துக் கிடந்த நாட்களில்தான் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்பதைவிட, மற்றவர்கள் செய்ததைப் பிரித்துப் பார்த்தேன் என்று சொல்வது சரி. சைக்கிளைப் பிரிப்பது மாதிரிதான். திரும்பப் பூட்டும்போது எப்போதும் ஏதாவது ஓர் ஆணி மிஞ்சும். அது இல்லாமலும் ஓடும்.

அப்படிச் சுற்றிச் சுற்றி பசறையில் ஒரு போன் திருத்துகிற கடையின் மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தபோது தெய்வானை அக்கா வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் போன்.

"தம்பி, இது அடிக்குதில்ல. என்னான்னு பாருங்க."

கடை போனிலிருந்து அழைத்துப் பார்த்தேன். நன்றாக அடித்தது.

"நீங்க எடுத்தா அடிக்கும். வெளியூரு சனம் எடுத்தா அடிக்க மாட்டேங்குது" என்றார். "வெப்சைட்டெல்லாம் போட்டு மாசக் கணக்காகுது. ஒருத்தரும் கோல் எடுக்கல."

பசறையிலிருந்து மேலே ஏறினால் வருகிற ஒரு தோட்டத்தின் ஓரத்தில் அவருக்கு வீடு. கணவர் இருந்த காலத்தில், பின்னால் இரண்டு அறை எடுத்து, மலை பார்க்க வருகிறவர்களுக்கு விடலாம் என்று கட்டியது. அறைக்குச் சுண்ணாம்பு அடித்த வருஷமே அவர் இறந்துவிட்டார். அக்காவுக்கு ஒரு மகள், சரண்யா, பள்ளிக்கூடம் போகிறாள். கொழும்பில் ஒரு வீட்டில் சமைக்க ஆள் கேட்டிருந்தார்கள். போனால் மகளை எங்காவது ஹொஸ்டலில் விட வேண்டும். சித்திரை லீவு வரைக்கும் பார்ப்பது, அறைக்கு ஒருத்தரும் வராவிட்டால் கிளம்பிவிடுவது என்று முடிவு. வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற அம்மா ஒருத்தி வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணிக் கேட்பாளாம்.

"அந்த அம்மா எடுத்தா மட்டும் நல்லா அடிக்குது" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெப்சைட்டைத் திறந்தேன். திறந்தேன் என்றால் அது திறக்கவில்லை. கடையில் நல்ல சிக்னல் இருந்தும் ஒரு பிளேன்டி குடித்து முடிக்கிற வரைக்கும் வெள்ளையாகவே நின்றது. பிறகு நாதஸ்வரம் கேட்டது. பிள்ளையார் வந்தார், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுற்றியது. அவருக்குக் கீழே தோட்டத் தலைவர் மாலையோடு கைகூப்பி நின்றார். இரண்டு பக்கமும் யானை. 'வருக வருக.' இன்னும் கீழே போனால் காலஞ்சென்ற கணவரின் படம், குத்துவிளக்கு, வாழைமரம். எல்லாம் முடிந்த பிறகு, சிவப்புப் பட்டியில் மஞ்சள் எழுத்தில், படத்தோடு படமாகப் போன் நம்பர். விரலால் தொட்டால் அழைப்புப் போகாது, அது வெறும் படம்.

நமக்கு உடனே புரிந்துவிடும், இல்லையா? அது வெப்சைட் இல்லை, திருவிழா நோட்டீஸ். பதுளையில் நோட்டீஸ் அடிக்கிற ஒருவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்த ஒழுங்கில் அவர் செய்து கொடுத்திருக்கிறார். எங்கள் தோட்டங்களில் தேருக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான், கிரிக்கெட் மெட்சுக்கும் அதுதான். முதலில் சாமி, பிறகு தலைவர், பிறகு இறந்தவர்கள், கடைசியில் விஷயம். நோட்டீஸைச் சுவரில் ஒட்டினால் நின்று படிப்பார்கள். போனில் ஒருத்தன் எவ்வளவு நேரம் நிற்பான்?

அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அங்கேதான் முழு விஷயமும் விளங்கியது. வீடு முழுக்கத் தேடினாலும் சிக்னல் கிடையாது. குசினி ஜன்னலில் மட்டும் கொஞ்சம் வரும். அதனால் போனை அந்தப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். பேசுவதென்றால் தலையைக் கம்பியோடு சேர்த்து வைத்துப் பேச வேண்டும். பேசிப் பேசி அந்த இடத்துச் சுவரில் எண்ணெய்க் கறை. கீழே, வீட்டுக்கு ஏறுகிற கோயில் சந்தியிலும் அதே கதி. அங்கே நிற்கிறவனுக்கு அந்தப் படமெல்லாம் எப்படி வரும்?

"நம்பர மேல கொண்டு வந்துருவோம் அக்கா. எல்லாத்துக்கும் மேல."

"பிள்ளையாருக்கு மேலயா?"

"ஆமா."

"அது ஏலாது தம்பி." ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தவே இல்லை. "வேற என்ன வேணும்னாலும் செய்யுங்க. அவருக்கு மேல ஒண்ணும் வரக்கூடாது. இவ்ளோ நாளா வராத ஆளு இன்னமும் வராமப் போகட்டும்."

அன்று முழுக்க அதைச் சொல்லிப் பார்த்தேன். படம் கனம், சிக்னல் தாங்காது, படம் வந்து முடிகிறதற்குள் ஆள் போய்விடுவான். அவர் ரொட்டியும் கட்டசம்பலும் போட்டுக் கொடுத்தார், சம்மதம் மட்டும் கொடுக்கவில்லை. நானும் கோபத்தில் ஒரு ரொட்டி கூடவே சாப்பிட்டேன். கிளம்பும்போது சரண்யாவின் பள்ளிக்கூடக் கொப்பி திறந்து கிடந்தது. பக்கத்தின் தலையில் சின்னதாக ஒரு 'உ'.

சுழி என்பது எழுத்து. எழுத்துக்குக் கனம் இல்லை. எவ்வளவு மோசமான சிக்னலிலும் முதலில் வந்து நிற்பது எழுத்துத்தான்.

"அக்கா, இது போதுமா?"

கொப்பியை எடுத்துப் பார்த்தார். "இதுவும் அவருதானே" என்றார்.

அப்புறம் மளமளவென்று வேலை நடந்தது. மேலே சுழி. அதற்குக் கீழே நம்பர், தொட்டால் அழைப்புப் போகிற மாதிரி. அதற்குக் கீழே வழி. தேயிலைப் பெக்டரி வழியாக வருவது கிட்ட, போனில் இருக்கிற மெப் அதைத்தான் காட்டும். ஆனால் மழை விழுந்தால் அங்கே மேட்டு மண் ரோட்டில் இறங்கும், தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அந்த வரி, தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும். கோயில் சந்தியில் நின்று போன் பண்ணச் சொல்லி இன்னொரு வரி. ஜன்னலிலிருந்து தெரிகிற மலையை ஒரே ஒரு படமாகச் சின்னதாக்கிக் கடைசியில் வைத்தேன். நாதஸ்வரத்தை நிறுத்தினேன். கணவர் படத்தை அக்காவே எடுக்கச் சொன்னார், அது வீட்டில் இருந்தால் போதும் என்று.

தலைவர் சும்மா விடவில்லை. பசறைக் கடைக்கே வந்துவிட்டார்.

"என் படம் எங்க?"

"கனமா இருந்துச்சு தலைவரே, எடுத்துட்டேன்."

"நானா கனம்? எலெக்சன் நேரம் இத ஞாபகம் வச்சிருக்கேன்" என்றார். எந்த எலெக்சன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

சித்திரை லீவு தொடங்கியது. போன் அடிக்கவில்லை. வருஷப் பிறப்பு முடிந்தது. அக்கா பையைக் கட்டிவிட்டார் என்று சரண்யா கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் வத்தளையிலிருந்து ஒருவர் அழைத்தார். தன் மனைவி, தாய், பிள்ளைகள் வேனில் வருகிறார்கள், தான் வேலை முடித்து மறுநாள் ரயிலில் வருகிறேன் என்றார். அக்கா எனக்குச் சொல்லியனுப்பினார். அவர்கள் வருகிற அன்று அறையில் பல்ப் மாட்ட நானும் போனேன்.

பின்னேரம் வானம் இருண்டது. சித்திரை மழை உங்களுக்குத் தெரியும், சொல்லிக்கொண்டு வராது. எதிரே மலை மறைந்தது, பிறகு தேயிலை மறைந்தது, பிறகு வாசலில் நின்ற கொய்யா மரம். தலைவர் தலையில் உரச்சாக்கோடு மேலேயிருந்து இறங்கி வந்தார்.

"பெக்டரி வளைவுல மண்ணு எறங்குது. கல்லும் சேர்ந்து வருது. ஆள் ஒண்ணும் வர இல்லத்தானே?"

அக்கா ஜன்னலுக்கு ஓடி வத்தளைக்காரரை அழைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வேனில் வருகிறவர்களின் நம்பர் எங்களிடம் இல்லை. மறுபடி அழைத்தார். மறுபடி. சரண்யா சுவரோரம் கட்டி வைத்திருந்த பையின் மேல் உட்கார்ந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. அக்கா பையோடு பிடித்துக் காதில் வைத்தார்.

"ஆமாங்க... இல்லீங்க... நாளைக்குச் சொல்றேங்க." கொழும்பு வேலைக்கு ஆள் பிடிக்கிற அம்மா. எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று கேட்டாளாம்.

எங்கோ மேலே கல் உருண்டது. இடி இல்லை, இடிச் சத்தம் அப்படி இழுத்துக்கொண்டு போகாது.

திரும்ப அடித்தது. இந்தத் தடவை ஒரு பெண் குரல், கம்பியோடு சேர்த்து வைத்திருந்த போனிலிருந்து எனக்கும் கேட்டது.

"வெப்சைட் பாத்து எடுக்கிறேன். படம் ஒண்ணும் வரல்லீங்க, ஒரு 'உ' எழுத்தும் இந்த நம்பரும்தான் வந்துச்சு. டிரைவர் பெக்டரி ரோட்டுல திருப்பிட்டாரு. இதுல வர வேணாம்னு எழுதியிருக்கு, அவரு கேக்க மாட்டேங்குறாரு..."

"வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க" என்றார் அக்கா. "நிப்பாட்டச் சொல்லுங்கம்மா. நிக்கச் சொல்லிட்டுப் பேசுங்க."

அத்தோடு லைன் போய்விட்டது.

தலைவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தேயிலை நிரைகளுக்குள் புகுந்து பெக்டரி ரோட்டை நோக்கி நேராகக் கீழே இறங்கினார். மழையில் அந்தச் சரிவில் கொழுந்து எடுக்கிறவர்களே நடக்க மாட்டார்கள். நான் பின்னால் போகப் பார்த்து, இரண்டாவது நிரையிலேயே சறுக்கி உட்கார்ந்தேன். அக்கா ஜன்னலை விட்டு அசையவில்லை. நெற்றி கம்பியில் அழுந்தி வரி விழுந்திருந்தது. திருப்பி எடுத்தால் லைன் போகவில்லை, போன் அடிக்கவும் இல்லை.

வெளிச்சம் மங்குகிற நேரம் கோயில் பக்கத்திலிருந்து ஹோர்ன் சத்தம் கேட்டது. வேன் மெல்ல ஏறி வந்தது. முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில், உடம்பெல்லாம் சேறாக, தலைவர் உட்கார்ந்திருந்தார். வளைவுக்குக் கொஞ்சம் கீழே வேன் நின்றிருந்ததாம். போனில் பேசிய பெண், பிள்ளைகளை இறக்கி ரோட்டோரம் நிறுத்திவிட்டு, இனி ஏற மாட்டோம் என்று டிரைவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாளாம். மண்ணைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டிரைவர் வேனைத் திருப்பிக் கோயில் பக்கமாக வந்தாராம்.

தலைவர் இறங்கி என்னைப் பார்த்தார். "என் படம் வராட்டி என்ன? நானே வந்துட்டேன்ல."

அக்கா உள்ளே போய், சரண்யாவை எழும்பச் சொல்லி, கொழும்புக்குக் கட்டிய பையை அவிழ்த்தார். அதில் மடித்து வைத்திருந்த புதுப் பெட்ஷீட்டை எடுத்துப் போய் விருந்தாளிக் கட்டிலில் விரித்தார். ஜன்னலில் போன் அடித்தது. கொழும்பு நம்பர். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டார்.

சரண்யா ஓ.எல். எழுதியது அந்த வீட்டிலிருந்துதான்.

பிறகு சில வருஷம் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். நானும் ஊர் ஊராகப் போனேன். ஒரு மழைக்காலத்தில் அந்தச் சரிவில் வெடிப்பு விட்டது. அதிகாரிகள் வந்து பார்த்து, இங்கே இனி ஆள் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். லயத்து வரிசை வீடுகளிலும் அக்கா வீட்டிலும் இருந்த எல்லோரையும் அங்கிருந்து கிளப்பினார்கள். கூரைத் தகரத்தைக் கழற்றி எடுத்துப் போனார்கள். அக்கா பசறையில் சோற்றுக் கடை போட்டிருக்கிறார்.

பஸ்ஸில் இருந்த இளைஞரிடம், "அந்த வீடு இப்ப இல்ல தம்பி. நம்பர அமத்திப் பாருங்க" என்றேன். அமத்தினார். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"ரூம் இல்லீங்க. வீடே இல்ல. சோறு இருக்கு, பசறையில எறங்குங்க."

அன்று அக்கா கடையில் பலாக்காய்க் கறியோடு சாப்பிட்டுவிட்டு, மேசையிலேயே வெப்சைட்டைத் திறந்தேன். பாஸ்வேர்ட் எனக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. அறைகளைப் பற்றிய வரியை எடுத்தேன். கோயில் சந்தியை எடுத்தேன். ஜன்னல் மலையை எடுத்தேன். பெக்டரியை மூடிவிட்டார்கள், அந்த ரோட்டில் இப்போது மானாப்புல் ஆளுயரம் நிற்கிறது என்று அக்கா சொன்னார். இனி அதில் வண்டி வராது, வந்தாலும் போய்ச் சேர வீடு இல்லை.

"அந்த ரோட்டு வரியையும் எடுத்துரவா அக்கா?"

அவர் வெளியே பார்த்தார். மழை இன்னும் விட்டிருக்கவில்லை.

"அது இருக்கட்டும்" என்றார்.