ஒரே மேசைக்கு வராத படங்கள்

எழுபதுகளின் கடைசி. என் மகனுக்கு மூன்று வயதாகியும் நடையும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் ரத்தத்தை எடுத்து, குரோமோசோம்களைப் படம்பிடித்து, கத்தரித்து, ஜோடி ஜோடியாக ஓர் அட்டையில் ஒட்டினார்கள். ஒன்பதாவது குரோமோசோமின் மேல்பகுதித் துண்டு ஒன்று கூடுதலாக இருந்தது.

"சொந்தத்துல கட்டுனியாம்மா?" என்று குழந்தைகள் பிரிவின் தலைவர் கேட்டார். ஆமாம் என்றேன். என் கணவர் அத்தை மகன். தலைவருக்கு அதுவே போதுமாக இருந்தது. அட்டையை உறையில் போட்டு மூடிவிட்டார்.

"ஒன் ரத்தந்தான் சரியில்ல. அசல்ல பொண்ணெடுத்திருந்தா எம்புள்ளைக்கு இந்தக் கதி வந்திருக்காது" என்றாள் அத்தை. என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை! தன் ரத்தத்தையே திட்டுகிறோம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

ஓர் இளம் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எதிர் அறையில், உடற்கூறுப் பிரிவில், இன்னொரு குழந்தையின் படம் இருக்கிறதாம். அதே இடம், அதே துண்டு. அது என் கணவரின் அண்ணன் குழந்தை. மூச்சுத்திணறலில் போய்விட்டது என்று மட்டுமே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த அண்ணி சொந்தமே இல்லை, அசல்.

"ரெண்டையும் பக்கத்துல வச்சாலே தெரியும்மா, இது உங்க வீட்டுக்காரர் வழியில வருதுன்னு. அவர் ரத்தத்தையும் பாக்கணும்" என்றார்.

யார் வைத்தார்கள்? இரண்டு பிரிவுகளின் தலைவர்களுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. இவர் படத்தை அவர் கேட்கமாட்டார், அவர் படத்தை இவர் தரமாட்டார். படித்த மூடர்கள். என் கணவரோ, "ஆம்பளைக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்று எழுந்து போய்விட்டார்.

என்னையும் மகனையும் முதலியார்பேட்டையில் அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அவருக்கு அசலில் பெண் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பாவிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாழாதவள் பொறாமையில் பேசுகிறாள் என்று அனுப்பிவிட்டார்.

கல்யாணம் நடந்தது. சில வருடங்களில் அந்தப் பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தாள். என் மகனின் முகம் அப்படியே அந்தக் குழந்தைக்கு இருந்தது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அதன் ரத்தத்தையும் எடுத்துப் படம்பிடிக்க வைத்தேன். இதற்குள் குழந்தைகள் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றிருந்தார். மூன்று படங்களும் ஒருவழியாக ஒரே மேசைக்கு வந்தன.

"அருமையான குடும்பம். கருத்தரங்குல காட்டலாம்" என்றார் உடற்கூறுத் தலைவர், சந்தோஷமாக. அந்த மேசையைப் புரட்டித் தள்ளலாம் போலிருந்தது.

அவள் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"என் கல்யாணத்தப்பவே இதுல ரெண்டு இங்கதான் இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சு" என்றேன்.