மாவுக்குப் போட்ட ஸ்வெட்டர்

ஸ்கூல் ஆட்டோ ஓட்டுறவளுக்கு ரோடு தெரிஞ்சா மட்டும் பத்தாது, எந்த வீட்டுல இன்னைக்கு என்ன டிபன்னும் தெரிஞ்சிருக்கணும். காரைக்குடியில ஆறு வீட்டுப் பிள்ளைகளை ஏத்தி இறக்குறேன். மார்கழி, தை ரெண்டு மாசமும் எனக்கு எதிரி பனியும் இல்லை, ரோட்டுப் பள்ளமும் இல்லை. காலைச் சாப்பாடுதான். பிள்ளைய எழுப்பி, தட்டை நீட்டி, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்க வீட்டுக்குள்ள படுற பாட்டை நான் வாசல்ல நின்னு படுறேன்.

மூணு ஹாரன்

முதல் ஹாரனுக்குப் பிள்ளை குளிக்கப் போகும். ரெண்டாவது ஹாரனுக்குச் சாப்பிட உக்காரும். மூணாவது ஹாரனுக்கு அம்மாக்காரி தட்டோட வாசலுக்கு ஓடி வருவா. என் ஆட்டோவுக்குள்ள தட்டு ஏறக் கூடாதுன்னு சட்டமே போட்டு வச்சிருக்கேன். ஒருதரம் சீட்டுல சாம்பார் கொட்டி, ஒரு வாரம் என் வண்டி மெஸ் மாதிரி மணந்துச்சு.

மூணாங்கிளாஸ் சர்வேஷோட அம்மா என் சட்டத்துக்கு ஒரு வழி கண்டுபிடிச்சுட்டா. பிள்ளை உள்ள இருப்பான், தட்டு வெளியில இருக்கும், கை மட்டும் கம்பி வழியா வந்து வந்து போகும். "கடைசி வாய்தான்க்கா, கடைசி வாய்தான்க்கா"ன்னே ஒன்பது வாய் ஊட்டுனா, நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். பொறுமை போயிருச்சு. ஏத்தா, நான் வர்றதுக்கு முன்னாடியே ஊட்டித் தொலைச்சா என்னன்னு கேட்டேன். அவ கொஞ்சங்கூட அசரலை. "முன்னாடி ஊட்டுனா திங்க மாட்டேங்குறான்க்கா. உங்க ஹாரன் கேட்டாத்தான் வாயைத் தொறக்குறான்."

சுதா வச்ச கெடு

ரெண்டாங்கிளாஸ் கயலோட அம்மா சுதா. வருசக்கணக்கா பரீட்சை எழுதி, கார்த்திகையிலதான் சிவகங்கையில ஒரு ஆபீஸ்ல வேலை கிடைச்சுச்சு. ஆறரை பஸ்ஸைப் பிடிச்சாத்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். அதனால கயலுக்குக் காலைச் சாப்பாடு அவ அப்பா சரவணன் பொறுப்பு. மிக்ஸி, மோட்டார் ரிப்பேர் கடை வச்சிருக்காரு. அதுவரைக்கும் அடுப்பைப் பத்தவச்சதே சிகரெட்டுக்குத்தான்.

ஒரு ஞாயித்துக்கிழமை சுதா என்னைத் தேடி வந்தா. சொந்தக்காரவுக எல்லாம் பிள்ளையப் பட்டினி போட்டுட்டு என்ன உத்தியோகம்னு வாய்க்கு வந்ததைப் பேசுறாகளாம். சொல்லும்போதே கண்ணு கலங்கிருச்சு. தினமும் கயல் முகத்தைப் பாக்குறது நீங்கதானே, சாப்பிட்டாளான்னு கேட்டு எனக்கு ஒரு போன் போடுங்கன்னா. சரின்னேன். போறப்ப வாசல்ல நின்னு சொன்னா, "பொங்கல் வரைக்கும் பாக்குறேன்க்கா. பிள்ளை காலையில சரியாச் சாப்பிடலைன்னு தெரிஞ்சா, வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன்."

மாவுக்குக் குளிர்

பனிக்காலத்துல மாவு பொங்காது, அது உங்களுக்கும் தெரியும். ராத்திரி ஆட்டி வச்ச மாவு காலையில வச்ச இடத்துலயே அப்படியே கிடக்கும். அதை ஊத்துனா இட்லி தட்டையா, கெட்டியா வரும். ஆறின பிறகு பிள்ளை கடிச்சா பல்லுதான் அசையும்.

அப்படி ஒரு நாள், எதிர்ல வர்ற ஆளே தெரியாத பனி. சர்வேஷ் வெறும் சட்டையோட நிக்கிறான், கையக் கட்டிக்கிட்டு வெடவெடன்னு நடுங்குறான். எனக்கு வந்துச்சே கோவம். பிள்ளை ஸ்வெட்டர் எங்கேன்னு உள்ள பாத்துச் சத்தம் போட்டேன். அவ அம்மா நிதானமா வந்து நின்னா. "மாவுச்சட்டிக்குப் போட்டுருக்கேன்க்கா. இப்பத்தான் பொங்க ஆரம்பிச்சிருக்கு, கழட்டுனா அமுங்கிரும்."

எறும்பு

அந்த வாரமே என் வண்டியில எறும்பு. வரிசை கட்டி பின்சீட்டுக்கு அடியில போகுது. சாக்லேட்டு ஏதும் கிடக்கும்னு சீட்டைத் தூக்குனேன். சுருட்டிச் சுருட்டி எட்டுத் தோசை. ரெண்டு பக்கமும் கருப்பு. சுத்தியிருந்தது சரவணன் கடை பில் பேப்பர்.

தினமும் "சாப்பிட்டியாடி?"ன்னு கேப்பேன், "சாப்பிட்டேன் அத்தை"ம்பா, நானும் அதை நம்பி சுதாவுக்குப் போன் போட்டு நல்லாச் சாப்பிடுறான்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். குளிர்ல காலி வயித்தோட அந்தப் பிள்ளை பிரேயர்ல நின்னுருக்கு. மறுநாள் மத்தவுகளை இறக்கி விட்டுட்டு, கயலை மட்டும் நிறுத்தி, ஒரு பன்னும் பாலும் வாங்கிக் குடுத்துக் கேட்டேன். பன்னைப் பூராவும் தின்னு முடிச்சுட்டுத்தான் பதில் சொன்னா. "அப்பா தோசை கசக்குது அத்தை. சாப்பிடலைன்னு சொன்னா அம்மா ஆபீஸுக்குப் போக மாட்டாக."

சரவணன் கடை

நல்லா நாலு வார்த்தை கேக்கணும்னுதான் அவர் கடைக்குப் போனேன். பிரிச்சுப் போட்ட மிக்ஸிகளுக்கு நடுவுல அந்தத் தோசைச் சுருளை வச்சேன். விசயத்தையும் சொன்னேன். மனுசன் கோவப்படலை. எடுத்துப் பாத்தாரு, முகம் தொங்கிப் போச்சு. "நானும் இதைத்தான்க்கா தின்னுட்டுக் கடைக்கு வர்றேன். ரெண்டு சடை பின்னுறதுக்குள்ள ஒரு தோசை கரிஞ்சுருது"ன்னாரு. திட்ட வந்தவ நான், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன். ஒத்தை ஆளா அவரு என்னதான் செய்வாரு.

தோசையத் தூக்கிப் போடுங்க தம்பின்னேன். ஆறு வீட்டு வாசல்ல நிக்கிறவளுக்கு எது உள்ள போகுது, எது நாய்க்குப் போகுதுன்னு தெரியாதா? பணியாரம் சுடுங்க. சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளிச்சு மாவுல கொட்டிக் குழியில ஊத்துங்க. மெல்லமா எரிய விட்டா அது பாட்டுக்கு வேகும், திருப்பி விடுறது மட்டும்தான் உங்க வேலை. பாதி மாவுல கருப்பட்டியக் கரைச்சு ஊத்துங்க, பிள்ளை தேடி வரும். முதல்ல சடை, அப்பறம் அடுப்பு. இன்னொண்ணு, இதைச் சுதாகிட்ட பொங்கலுக்குள்ள நீங்களே சொல்லணும், இல்லைன்னா நான் சொல்லுவேன். அம்புட்டையும் பில் பேப்பர்ல எழுதிக்கிட்டாரு. கடைசியா ஒரு சந்தேகம் கேட்டாரு. "வெந்துருச்சான்னு எப்படிக்கா தெரிஞ்சுக்கிறது? மிக்ஸின்னா கருகுற வாசனைய வச்சுச் சொல்லிருவேன்."

ஸ்டெபிலைசர்

மூணு நாள் பணியாரம் பிஞ்சு பிஞ்சு வந்துச்சாம். மாவுல குத்தம்னு கண்டுபிடிச்சவரு, தொழில்காரர் இல்லையா, மாவுச்சட்டியத் தூக்கி பிரிட்ஜ் ஸ்டெபிலைசர் மேல வச்சுட்டாரு. அது எப்பவும் கதகதன்னு இருக்கும். காலையில பாத்தா மூடியத் தள்ளிக்கிட்டு மாவு பொங்கி வழிஞ்சு, ஸ்டெபிலைசருக்குள்ள இறங்கிருச்சு.

எனக்கு இது எதுவும் தெரியாது. கயல் முதல் ஹாரனுக்கே வந்து நிக்கிறா. உதட்டோரம் எண்ணெய், கன்னத்துல கருப்பட்டி. சீட்டுக்கு அடியில குனிஞ்சு பாத்தேன், ஒண்ணும் இல்லை. வீட்டுல என்ன விசேசம்டின்னேன். "பிரிட்ஜ் செத்துருச்சு அத்தை. பணியாரம் நல்லா வந்துச்சு."

சுதா லீவு போட்ட நாள்

போகிக்கு முந்தின நாள் சுதா லீவு. அதுக்கு முந்தின ராத்திரிதான் சரவணன் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்காரு, சீட்டுக்கு அடியில கிடந்த தோசை வரைக்கும். நான் பயந்துக்கிட்டேதான் போய் ஹாரன் அடிச்சேன். ஒருத்தரும் வரலை. இறங்கி உள்ள போனா, சாப்பாட்டு மேசை நிறைய இடியாப்பம், தேங்காய்ப்பால், இட்லி, கத்திரிக்காய் கோசமல்லி. கயல் வாயை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருக்கா. சுதா கண்ணு சிவந்திருக்கு. "என்கிட்ட ஏன்க்கா மறைச்சீக?"ன்னு கேட்டா. மறைச்சது தப்புதான்த்தா, திட்டுன்னு நின்னேன். வேற என்னத்தைச் சொல்ல?

அவ திட்டலை. அதுக்குள்ள சரவணன் அடுப்படியிலேருந்து ஒரு தட்டுல ஆறு பணியாரம் கொண்டுவந்து வச்சாரு. யாரும் சாப்பிடுன்னு சொல்லலை, யாரும் ஊட்டலை. பிள்ளை ஒண்ணு ஒண்ணா எடுத்து ஊதி ஊதித் தின்னுச்சு. சுதா அதையே பாத்துக்கிட்டு நின்னா. ஆறாவது பணியாரமும் போனப்பறம் என் பக்கம் திரும்புனா. "வேலைய விடலைக்கா, நிம்மதிதான். ஆனா என் இடியாப்பத்தைத் தொட்டுக்கூடப் பாக்கலையேக்கா அவ."

வருசக்கணக்கா டிபனால லேட்டு, டிபனால லேட்டுன்னு ஆறு வீட்டையும் ஏசுன நான், சுதா மனசு நோகக் கூடாதேன்னு அந்த இடியாப்பத்தை உக்காந்து தின்னதுல அன்னைக்கு அத்தனை பிள்ளைகளும் ஸ்கூலுக்கு லேட்டு.